கண் நரம்பைச் சுற்றி எலும்பு வளர்ந்தால்: காத்திருப்பதா, கத்தி வைப்பதா?

என் தம்பிக்கு அப்போது 17 வயது. இடது புருவத்துக்கு மேலே நெற்றி கொஞ்சம் புடைத்திருக்கிறது என்றுதான் டாக்டரிடம் போனோம். சிடி ஸ்கேன் எடுத்தார்கள். முதலில் பார்த்த அறுவை மருத்துவர் படத்தில் ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வலது பக்கம் வட்டமாக, கறுப்பாக ஒரு துளை. இடது பக்கம் அதே இடத்தில் துளை ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது. "இது வழியாகத்தான் கண்ணுக்கு நரம்பு போகுது. எலும்பு அதைச் சுத்தி வளர்ந்திடுச்சு. பார்வை போறதுக்கு முன்னாடி இந்த மாசமே திறந்து விட்டுடலாம்" என்றார்.

அதே வாரத்தில் இன்னொருவரிடம் போனோம். அவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, தம்பியை எழுத்துப் பலகை முன் உட்கார வைத்தார். இடது கண் கடைசி வரி வரைக்கும் படித்தது. நிறப் புள்ளிப் படங்களில் ஒளிந்திருந்த எண்களை எல்லாம் சரியாகச் சொன்னான். "நரம்பு நல்லா வேலை செய்யுது. நான் இப்ப கை வைக்க மாட்டேன். ஆனா வருஷா வருஷம் வந்தே ஆகணும்" என்றார் அவர்.

ஒரே படம், ஒரே கண், இரண்டு பதில். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. முக எலும்பு நோய்க்கு அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்த எந்த வீட்டிலும் இந்த இரவு வரும். அந்த இரவில் இருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பல வருடமாகத் தம்பியோடு கூடவே அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டவள்.

நோயின் பெயர் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. உறுதியான எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த் திசுவும் அரைகுறையாக உருவான எலும்பும் சேர்ந்து வளர்கின்றன. எலும்பு தடித்துப் பெருக்கிறது, ஆனால் வலு இருப்பதில்லை. சிடி படத்தில் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும். கரு உருவான பிறகு ஏதோ ஓர் உயிரணுவில் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டோம், என்ன தப்புச் செய்தோம் என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. சிலருக்கு ஓர் எலும்பில் மட்டும் வரும், சிலருக்குப் பல எலும்புகளில். அதோடு தோலில் காபி நிறப் படைகளும், சீக்கிரமே பருவமடைதல் போன்ற ஹார்மோன் கோளாறுகளும் சேர்ந்தால் அதை மெக்யூன்-ஆல்பிரைட் நோய்க்கூட்டு என்பார்கள். 1930-களில் இதை விவரித்த டோனவன் மெக்யூன், ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற இரு மருத்துவர்களின் பெயர் அது.

கண்ணுக்கு என்ன ஆபத்து என்று புரிய, ஒரு சின்ன இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும். கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் இருக்கின்றன. கண்குழிக்குள் இருக்கும்வரை அந்த நரம்பு லேசாக வளைந்து, தாராளமாக இருக்கிறது. அதனால்தான் கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இழுபடுவதில்லை. ஆனால் கண்குழியைத் தாண்டி மூளைக்குள் நுழையும் இடத்தில் மண்டையின் அடித்தளத்தில் உள்ள ஸ்பீனாய்டு என்ற எலும்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது. நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர், அகலம் சுமார் அரை சென்டிமீட்டர். அதற்குள் நரம்பின் உறை எலும்போடு ஒட்டியே இருக்கும், நகர இடமில்லை. கண்ணுக்கு ரத்தம் கொண்டு போகும் தமனியும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. எலும்பு பெருத்தால் இந்தக் குழாய் சுருங்கும்.

அறுவை மருத்துவர்கள் முன்பு போட்ட கணக்கு இதிலிருந்து வந்ததுதான். குழாய் சுருங்குகிறது, நரம்பு நசுங்கும், பார்வை போகும், ஆகவே முன்கூட்டியே திறந்து விடு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தக் கணக்கை நோயாளிகளை வைத்துச் சரிபார்த்தவர்கள் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த குழுவினர். முகத்திலும் மண்டையிலும் இந்த நோய் உள்ள 38 பேரை எடுத்து, குழாயின் அளவையும் பார்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. குழாய் சுருங்கியிருந்தவர்களில் பெரும்பாலோரின் பார்வை இயல்பாகவே இருந்தது. படத்தை மட்டும் நம்பி அறுவை செய்வது சரியில்லை என்று அவர்கள் எழுதினார்கள். 2006-ல் இன்னும் அதிகம் பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததிலும், நரம்பை எலும்பு முழுசாகச் சூழ்ந்திருந்தவர்களில்கூடப் பெரும்பாலோருக்குப் பார்வை நிலைத்தே நின்றது. 2011-ல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், அறிகுறி இல்லாதவர்களுக்குக் கத்தி வைப்பதைவிடக் கண்காணிப்பே நல்லது என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

எப்படி என்று எனக்குப் புரிய வைத்தது வேலியோர மரம். கம்பி வேலியை ஒட்டி நிற்கும் மரம் வருடக்கணக்கில் பருத்து, கம்பியை அப்படியே தனக்குள் வாங்கிக்கொள்ளும். கம்பி உள்ளே இருக்கும், அறுந்திருக்காது. எலும்பு மெதுவாகச் சூழும்போது நரம்பும் அப்படி ஈடுகொடுத்துவிடுகிறது. "சூழப்பட்டிருக்கிறது" என்பது வேறு, "நசுங்கியிருக்கிறது" என்பது வேறு. முதலாவதைப் படம் காட்டும். இரண்டாவதைக் கண் பரிசோதனை மட்டும்தான் காட்டும். இந்த ஒரு வித்தியாசத்தை அந்த முதல் வாரத்திலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

காத்திருப்பது என்றால் என்ன

காத்திருப்பது என்றதும் சும்மா இருப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், "அப்ப வைத்தியமே இல்லைன்னு கை விரிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். அப்படி இல்லை. பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்துகொண்டே போவதுதான் இந்த வழியின் சிகிச்சை. அதைச் செய்யாமல் காத்திருந்தால் அது அலட்சியம்.

எழுத்துப் பலகை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. நரம்பு நசுங்க ஆரம்பிக்கும்போது எழுத்து படிக்கும் திறன் பல சமயம் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே நிறம் வெளுக்கும், குறிப்பாகச் சிவப்பு. பார்வையின் ஓரத்திலோ நடுவிலோ ஒரு பகுதி மங்கும். ஆகவே நிறப் பார்வைச் சோதனை, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட், கண்ணின் பின்புற நரம்பு முனையைப் பார்ப்பது, நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஓசிடி ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இவற்றோடு ஒரு சின்ன டார்ச் லைட்டும் வேண்டும். அந்த இரண்டாவது மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, தம்பியைத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, டார்ச்சை வலது கண்ணில் காட்டினார். இரண்டு பாவையும் சுருங்கின. சட்டென்று இடது கண்ணுக்கு மாற்றினார். சுருங்கினது சுருங்கினபடியே நின்றது. மறுபடி வலது, மறுபடி இடது. நரம்பு பழுதாகியிருந்தால், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது பாவை சுருங்காமல் லேசாக விரியும். இரண்டு நிமிடம்கூட ஆகாத சோதனை. முதல் இடத்தில் அதை யாரும் செய்யவில்லை.

ஃபீல்டு டெஸ்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் பார்த்து, மினுக்கும் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை யாருக்கும் சரியாக வராது. கவனம் சிதறும், கண் அசையும், இல்லாத புள்ளிக்கெல்லாம் பட்டன் போகும். முதல் தாளில் கறுப்புத் திட்டு வந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் அதே திட்டு திரும்ப வந்தால்தான் அதற்கு அர்த்தம். இரண்டு மூன்று சோதனைகளுக்குப் பிறகு கிடைப்பதுதான் நம்முடைய அடிப்படைத் தாள். பின்னால் வருவதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தத் தாள்களை எந்த ஊருக்குப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் தம்பி ஒரு சிவப்புப் பாட்டில் மூடியை மேசையிலேயே வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பான், அப்புறம் மற்ற கண். இரண்டிலும் சிவப்பு ஒரே சிவப்பாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கண்ணில் அது வெளுத்து ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், அடுத்த வருடத் தேதி வரைக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

நிலையாக இருப்பவர்களுக்கு வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனைகள் போதும். புதிதாகத் தெரியவந்தவர்கள், வேகமாக வளர்கிறவர்கள், ஹார்மோன் கோளாறு உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு தலைவலிக்கும் மனம் பதறும். பரிசோதனைத் தேதி நெருங்கும் வாரம் வீடே அமைதியாகிவிடும். அப்புறம், இந்த வழி எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஃபீல்டு டெஸ்ட்டில் உட்கார முடியாத சின்னக் குழந்தைக்குக் கண்காணிப்பே கஷ்டம். மற்ற சோதனைகளைத்தான் நம்ப வேண்டும். தொடர்ந்து வர வாய்ப்பில்லாதவர்களுக்கும் கண்காணிப்பு கஷ்டம்தான்.

வளர்ச்சி ஹார்மோன் என்ற தனிக் கேள்வி

எங்கள் முதல் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பற்றி வாயே திறக்கவில்லை. இந்த நோயில் பார்வை போகும் ஆபத்தைக் கூட்டுவது எது என்று கேட்டால், ஆய்வுகள் தெளிவாகக் காட்டுவது உடலில் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதைத்தான். மெக்யூன்-ஆல்பிரைட் உள்ள சிலருக்கு இது நடக்கும். அவர்களுக்கு முக எலும்பு அதிக வேகத்தில், அதிக அளவில் பெருக்கும். அறுவை செய்து செதுக்கிய இடத்திலும் திரும்ப வளரும். ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட், பெக்வைசோமன்ட் போன்ற மருந்துகளால் இதைக் கட்டுப்படுத்த முடியும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தினால் கண்ணுக்கு வரும் ஆபத்து குறைகிறது.

ஆகவே அறுவையா இல்லையா என்று யோசிப்பதற்கு முன்பே ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும், ரத்தத்தில் பாஸ்பேட் குறைவதும் இந்த நோயோடு சேர்ந்து வரலாம். கட்டுக்குள் வராத தைராய்டோடு மயக்க மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. தம்பிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாள் கைக்கு வந்த அன்றுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மருந்து பற்றி இன்னும் இரண்டு வரி. பிஸ்பாஸ்பனேட் வகை மருந்துகள் எலும்பு வலியைக் குறைக்கும். எலும்பு பெருப்பதை நிறுத்தும் என்று நம்பிக் கொடுப்பதில் பயன் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை மட்டும் கூடவே கூடாது; இந்த எலும்பு புற்றாக மாறும் ஆபத்தை அது கூட்டும். மற்றபடி புற்றாக மாறுவது மிக அரிது.

பார்வை நன்றாக இருக்கும்போதே திறந்துவிடுவது

இனி முதல் மருத்துவர் சொன்ன வழி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்வை போன பிள்ளைகளை அவர் பார்த்திருப்பார், அந்தப் பயத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அறுவை அரங்கில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு என் மனம் அந்தப் பக்கம் போகவில்லை.

நரம்பைச் சூழ்ந்த எலும்பை வேகமாகச் சுழலும் நுண்ணிய வைரமுனைத் துரப்பணத்தால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். துரப்பணம் சுழன்றால் சூடு வரும். அந்தச் சூடு நரம்பைச் சுட்டுவிடாமல் இருக்க உப்புநீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு முட்டை ஓடு அளவுக்கு மெலிந்ததும், கடைசி ஏட்டைச் சின்னக் கருவியால் நெம்பி எடுப்பார்கள். இந்த நோயுள்ள எலும்பில் ரத்த நாளங்கள் அதிகம். தேய்க்கத் தேய்க்க ரத்தம் கசியும், பார்க்க வேண்டிய இடம் மறையும். இயல்பான எலும்பில் இருக்கும் அடையாளங்கள் இதில் உருமாறியிருக்கும், ஆகவே எங்கே நரம்பு தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே கடினம். சூடு, அதிர்வு, இழுபடுதல், கூடவே போகும் தமனிக்கு ஏற்படும் பாதிப்பு, அறுவைக்குப் பின் வரும் வீக்கம், ரத்தக்கட்டு, இதில் எது நடந்தாலும் நன்றாக இருந்த கண் போகலாம். திறமையான கைகளிலும் இது நடந்திருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்வை முழுசாக இருப்பவருக்கு இந்த அறுவை மிக மிக நன்றாக முடிந்தால் என்ன கிடைக்கும்? ஏற்கெனவே இருந்த பார்வை அப்படியே இருக்கும். மோசமாக முடிந்தால் அந்தக் கண் போய்விடும். இந்தப் பக்கம் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, வளரும் வயதில் செய்தால் எடுத்த எலும்பு திரும்ப வளர்ந்து குழாயை மறுபடி மூடலாம். அப்போது தழும்பு விழுந்த இடத்தில் இரண்டாவது அறுவை, முன்னைவிட அதிக ஆபத்தோடு. பெரும்பாலோருக்குப் பருவ வயது முடிந்ததும் இந்த எலும்பின் வேகம் தானாகவே குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், படத்துக்காக மட்டும் அறுவை செய்துகொள்ள எனக்குக் காரணமே தெரியவில்லை.

பார்வை குறைய ஆரம்பித்துவிட்டால்

இங்கே கணக்கு தலைகீழாக மாறுகிறது. நிறம் வெளுத்து, பார்வைப் பரப்பு சுருங்கி, அது மறு சோதனையிலும் உறுதியானால், அறுவையால் இழப்பதற்கு இருப்பது குறைவு, மீட்பதற்கு இருப்பது அதிகம். இந்த நிலையில் நரம்பைத் திறந்துவிட்டதால் பார்வை தேறியவர்கள் உண்டு. இங்கேயும் காத்திருப்போம் என்று தள்ளிப்போடுவதுதான் தவறு. நீண்ட நாள் நசுங்கிய நரம்பு வெளுத்து மெலிந்துபோகும். ஓசிடியில் நரம்பிழைப் படலம் இன்னும் தடிமனாக இருந்தால் தேற வாய்ப்பு அதிகம். அது ஏற்கெனவே மெலிந்துவிட்டிருந்தால், திறந்துவிட்டாலும் பழைய பார்வை திரும்புவது கடினம்; இருப்பதைக் காப்பாற்றலாம்.

மெதுவாகக் குறைவது ஒரு கதை, திடீரென்று குறைவது வேறு கதை. இந்த எலும்புக்குள் சில சமயம் நீர்ப்பையோ ரத்தப்பையோ உருவாகும். ரத்தம் கசிந்து அது ஒரே நாளில் உப்பிவிடும். சைனஸ் வாய் அடைபட்டுச் சளி தேங்கியும் இப்படி ஆகலாம். வருடக்கணக்கில் ஈடுகொடுத்த நரம்பால் இந்தத் திடீர் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கண் சட்டென்று முன்னே தள்ளும், வலிக்கும், மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ பார்வை மங்கும். இது அவசரம். அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அறுவைக்குத் தயாராகும் இடைவெளியில் வீக்கத்தைக் குறைக்க அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஆனால் ஸ்டீராய்டில் தேறியது போலத் தெரிந்தது என்று அறுவையை விட்டுவிடுவது ஆபத்தில் முடியலாம்.

அறுவை என்று முடிவானால் எந்த வழியாக என்ற கேள்வி வரும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் கருவியை விட்டு, குழாயின் உட்பக்கச் சுவரை எடுப்பது ஒன்று. முகத்தில் தழும்பு இருக்காது, மூளையை ஒதுக்க வேண்டியதில்லை, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் இந்த வழியில் எட்டுவது உட்பக்கமும் அடிப்பக்கமும்தான். மூளையைச் சுற்றிய நீர் மூக்கில் கசியும் அபாயமும் உண்டு. சைனஸ் அறைகளே எலும்பால் நிரம்பியிருந்தால் போக வழியே குறுகிவிடும். மற்றது மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து போவது. பெரிய அறுவை, உச்சந்தலையில் காதிலிருந்து காது வரை வெட்டு, நீண்ட நாள் ஓய்வு. ஆனால் குழாயின் கூரையையும் வெளிப்பக்கத்தையும் நேராகப் பார்த்துத் திறக்கலாம், நெற்றிப் புடைப்பையும் அப்போதே சரி செய்யலாம். எலும்பு எந்தப் பக்கத்திலிருந்து அழுத்துகிறதோ அந்தப் பக்கத்து வழிதான் சரியான வழி. தழும்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மருத்துவர் தனக்குப் பழக்கமான ஒரே வழியைத்தான் சொல்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கண், மூக்கு, நரம்பு அறுவை மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

முகத்துக்காகச் செய்வது

பல பேர் அறுவைக்குப் போவதற்கு உண்மையான காரணம் நரம்பு இல்லை, முகம். ஒரு கண் கீழே இறங்கியோ முன்னே தள்ளியோ இருக்கும். புகைப்படம் என்றால் ஒதுங்கி நிற்பார்கள். தம்பியும் கல்லூரியில் சேர்ந்த வருடம் முடியை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்டே திரிந்தான். இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ள எனக்கு மனம் வராது.

தைவானில் பணிபுரிந்த சென், நூர்டாஃப் என்ற அறுவை மருத்துவர்கள் 1990-ல் முகத்தையும் மண்டையையும் நான்கு பகுதிகளாகப் பிரித்து, நெற்றி, கண்குழி, கன்ன எலும்பு உள்ள முதல் பகுதியில் நோயுள்ள எலும்பை முழுசாக எடுத்து மாற்று எலும்பு வைக்கலாம், மண்டையின் நடு அடித்தளம் போன்ற இடங்களில் அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று வழி காட்டினார்கள். இன்னொரு வழி, புடைப்பை மட்டும் தேய்த்து முகத்தைச் சமன் செய்வது. இது சின்ன அறுவை. ஆனால் வளரும் வயதில் செய்தால் திரும்பப் புடைக்கலாம். கண்ணுக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் வளர்ச்சி அடங்கும்வரை பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் பள்ளியில் தினமும் அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு அந்தப் பொறுமையைச் சொல்ல முடியாது. அங்கே மறுபடி செய்ய வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தே முதலில் ஒருமுறை செய்துகொள்வதும் நியாயமான முடிவுதான்.

இந்த அறுவை பார்வை நரம்பைத் தொடாவிட்டாலும் கண்ணைப் பாதிக்கலாம். கண்குழியின் கூரையையோ தரையையோ மாற்றும்போது கண் இருக்கும் மட்டம் மாறும். பல வருடமாகக் கீழே இருந்த கண்ணுக்கு மூளை பழகியிருக்கும். திடீரென்று அதை ஏற்றினால் சில வாரங்களோ மாதங்களோ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம். சிலருக்கு அது நிலைத்துவிட்டுப் பட்டகக் கண்ணாடியோ கண் தசை அறுவையோ தேவைப்படும். குழந்தைகளில் எலும்பு கண்ணைத் தள்ளி ஒரு கண்ணை மட்டும் மங்க வைத்திருந்தால், அறுவையோடு சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சையும் வேண்டும். மேல் இமை சரியாக மூடாமல் போனால் கண்ணின் கறுவிழி காய்ந்து புண்ணாகும்.

எல்லாவற்றையும்விட நான் கேட்கச் சொல்வது அறுவை முடிந்த முதல் இரவைப் பற்றி. கண்குழிக்குள் ரத்தம் தேங்கினால் அழுத்தம் ஏறி, ஓரிரு மணி நேரத்துக்குள் பார்வை திரும்பாமல் போய்விடலாம். உடனே கவனித்து அழுத்தத்தை இறக்கிவிட்டால் காப்பாற்றலாம். ஆகவே அறுவைக்கு முன்பே கேளுங்கள்: ராத்திரி யார் வந்து கட்டை விலக்கிக் கண்ணில் டார்ச் அடித்து, "வெளிச்சம் தெரியுதா, விரல் எத்தனை?" என்று பார்ப்பார்கள்? எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை? தெரியவில்லை என்று நோயாளி சொன்னால் அந்த நிமிடமே கூப்பிட யார் இருப்பார்கள்? கண்ணைப் பெரிய கட்டால் இறுக மூடி, காலையில் பார்க்கலாம் என்கிற இடத்தில் என் தம்பியை விட்டிருக்க மாட்டேன்.

நாங்கள் காத்திருந்தோம். 22 வயதில் நெற்றிப் புடைப்பை மட்டும் தேய்த்துவிட்டார்கள், குழாயைத் தொடவில்லை. அன்றிரவு மணிக்கொரு முறை நர்ஸ் வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். அரைத் தூக்கத்தில் அவன் "தெரியுது சிஸ்டர், தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இப்போது 26. சிடி படத்தில் அந்தக் கீற்று இன்னும் கீற்றாகத்தான் இருக்கிறது. ஃபீல்டு டெஸ்ட் தாள்கள் ஒன்பது வருடத்துக்கும் ஒரு ஃபைலில் இருக்கின்றன. இடது கண்ணின் தாள்களில் எல்லாருக்கும் இருக்கும் அந்த ஒரு குருட்டுப் புள்ளியைத் தவிர வேறு கறுப்பு இல்லை. அடுத்த சோதனை வரும் மாதம்.